போர்டு மாறியிருக்கா பாரு

எனக்குப் பத்து வயது இருக்கும்போது வீட்டில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைவரை போய்வர வேண்டும். கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். இடப்பக்கம் அரிசி, சர்க்கரை, கோதுமை, மண்ணெண்ணெய் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். எதிரே இருப்பு எவ்வளவு என்று சாக்பீஸில். மேல் மூலையில் தேதி. "போர்டு மாறியிருக்கா பாரு" என்று சொல்லி அம்மா அனுப்புவார். மாறியிருந்தால் திரும்பி வந்து சொல்ல வேண்டும், அம்மா கார்டையும் பையையும் கேனையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். மாறவில்லையென்றால் நான் விளையாடப் போகலாம். கொஞ்ச நாளில் இருப்பைப் படிப்பதையே விட்டுவிட்டேன். மூலையில் இருப்பது நேற்றுப் பார்த்த தேதிதான் என்றால் சைக்கிளை விட்டு இறங்காமலே திரும்பிவிடுவேன்.

கடைக்காரருக்கு என் பெயர் தெரியாது. நான் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் தெரியாது. போர்டில் எழுதியதோடு அவர் வேலை முடிந்தது.

இணையத்தில் ஃபீட் என்று ஒன்று இருக்கிறதே, ஆர்எஸ்எஸ் என்பார்கள், தமிழில் ஓடை என்றும் செய்தியோடை என்றும் எழுதுகிறோம், அது இந்தக் கரும்பலகைதான். ஆனால் இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. குழப்பியது 'சப்ஸ்கிரைப்' என்ற சொல். சந்தா கட்டினால் பத்திரிகை வீடு தேடி வரும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அங்கே ஒரு நோட்டில் நம் பெயர், விலாசம் இருக்கும். இதழ் வந்ததும் யாரோ உறையில் போட்டு ஸ்டாம்பு ஒட்டுவார்கள். ஃபீடும் அப்படித்தான், தளம் நமக்கு அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு தளத்துக்கு ஃபீட் செய்து தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, "அனுப்புகிற இடம் எங்கே இருக்கு?" என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

யாரும் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. தளத்தின் ஒரு மூலையில் ஒரு கோப்பு இருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக ஏதாவது எழுதினால் அந்தக் கோப்பும் திருத்தி எழுதப்படும். நாம் 'சந்தாதாரர்' ஆகும்போது நடப்பது என்னவென்றால், நம் பக்கத்தில் இருக்கும் ரீடர் என்ற மென்பொருள், அது போனில் இருக்கலாம், கணினியில் இருக்கலாம், அந்தக் கோப்பின் முகவரியைத் தன் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. அப்புறம் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. சந்தாப் பட்டியல் படிக்கிறவரிடம் இருக்கிறதே தவிர, எழுதுகிறவரிடம் இல்லை. சந்தாவை ரத்து செய்யவும் யாரிடமும் சொல்ல வேண்டாம். போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டால் போதும்.

அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது? எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதிய சாதாரண எழுத்துதான். முதலில் தளத்தின் பெயர், முகவரி, ஒரு வரி விளக்கம். அதன் கீழே ஒவ்வொரு இடுகைக்கும் ஒரு கட்டு: தலைப்பு, சுட்டி, சுருக்கமோ முழுக் கட்டுரையோ, வெளியான நேரம், ஓர் அடையாள எண். புதியது மேலே, பழையது கீழே. எல்லாப் பழைய இடுகைகளும் இருக்காது. வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸ் தானாகவே கடைசி 10 இடுகைகளை மட்டும் வைக்கும், பிளாகர் 25. புதிதாக ஒன்று மேலே ஏறினால் அடியில் ஒன்று விழுந்துவிடும்.

இந்த விழுவதில்தான் முதல் சிக்கல். ஒரு நாளைக்கு நூறு செய்தி போடும் தளம் 25 மட்டும் போர்டில் வைத்தால், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எட்டிப் பார்க்கிறவனுக்கு நடுவில் வந்துபோனது தெரியவே தெரியாது. அழித்து எழுதிவிட்டார்கள். கணினியை மூடி வைத்துவிட்டு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் கதை முடிந்தது. அதனால்தான் நம் கணினியில் இல்லாமல் வேறெங்கோ ஒரு சர்வரில் உட்கார்ந்துகொண்டு, நாம் தூங்கும்போதும் போய்ப் பார்த்து, பார்த்ததையெல்லாம் சேர்த்து வைக்கும் ரீடர்கள் வந்தன. 2003இல் வந்த பிளாக்லைன்ஸ் அப்படி ஒன்று. 2005இல் கூகுள் ரீடர் வந்தது. அதைப் பற்றி அப்புறம்.

அடையாள எண் என்று சொன்னேன் அல்லவா, அதை முதலில் நான் சட்டை செய்யவில்லை. ஃபீடில் அதற்கு 'கைடு' என்று பெயர். ஓர் இடுகையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கான அடையாளம். தலைப்பைத் திருத்தலாம், எழுத்துப்பிழை திருத்தலாம், கட்டுரையையே மாற்றி எழுதலாம். கைடு மாறாதவரை ரீடர் "இது ஏற்கெனவே பார்த்ததுதான்" என்று சும்மா இருக்கும். கைடு மாறினால் உள்ளே ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும் அதற்கு அது புத்தம் புதுச் செய்தி.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சிறுபத்திரிகையின் தளம். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. பாதுகாப்பான முகவரிக்கு மாற்றச் சொன்னார்கள், அதாவது 'எச்டிடிபி'க்குப் பின்னால் ஓர் 'எஸ்' சேர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றினேன். எல்லாம் நன்றாகத்தான் திறந்தது. ஆனால் நான் கைடாகப் பயன்படுத்தியிருந்தது இடுகையின் முகவரியையே. முகவரியில் ஓர் எழுத்து கூடியதும் போர்டிலிருந்த 25 இடுகைகளும் சந்தாதாரர்கள் எல்லோருடைய ரீடரிலும் புதுச் செய்தியாகப் போய் நின்றன. அவற்றில் ஒன்று இரண்டு மாதத்துக்கு முன்பு போட்ட புத்தக வெளியீட்டு அறிவிப்பு. அதில் தேதி கிடையாது. 'வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு' என்றுதான் இருந்தது. அடுத்த ஞாயிறு வாசகர் ஒருவர் அந்த அரங்கத்துக்குப் போய்விட்டார். அங்கே யாருக்கோ காதுகுத்து நடந்துகொண்டிருந்ததாம். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள் என்று ஆசிரியருக்கு எழுதியிருந்தார். ஆசிரியர் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பிவைத்தார், வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

இரண்டாவது கூத்து தேதியில். ஆர்எஸ்எஸ் 2.0 கோப்பில் நேரத்தை எழுத ஒரே ஒரு முறைதான் உண்டு. அது 1982இல் மின்னஞ்சலுக்காக வகுத்த ஆர்எஃப்சி 822 என்ற விதியிலிருந்து எடுத்தது: கிழமையின் முதல் மூன்று ஆங்கில எழுத்து, தேதி, மாதத்தின் முதல் மூன்று ஆங்கில எழுத்து, வருடம், மணி, நேர வலயம். மாற்றி எழுதினால் ரீடருக்குப் புரியாது. நானோ தளம் முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் மென்பொருளின் மொழி அமைப்பைத் தமிழாக மாற்றினேன். பக்கங்களில் 'திங்கள், 07 ஜூலை' என்று அழகாக வந்தது. அதே வேகத்தில் ஃபீடுக்குள்ளும் 'திங்கள், 07 ஜூலை' என்று போய்விட்டது. ரீடர்கள் திணறின. சில இந்த நிமிடம்தான் வெளியானது என்று முடிவு செய்து ஒவ்வொரு முறையும் மேலே தூக்கி வைத்தன. சில எல்லாக் கட்டுரைகளையும் 1970 ஜனவரி 1, காலை 5.30 மணிக்குக் கொண்டுபோய் வைத்தன. கணினிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ய நொடி கிரீன்விச் கணக்கில் அந்த நாளின் நள்ளிரவு. நம் கணக்கில் அது காலை ஐந்தரை. எங்கள் இளம் கவிஞர்கள் எல்லோரும் ஒரே விடியற்காலையில், அவர்கள் பிறப்பதற்கு முன்பே, எழுதி முடித்திருந்தார்கள்.

எக்ஸ்எம்எல் இன்னொரு விஷயத்திலும் கறார். தலைப்பில் & என்ற குறியை அப்படியே எழுதிவிட்டால் கோப்பு முழுவதும் செல்லாது. ஒரு சோறு பதம் என்று மற்ற 24 நல்ல இடுகைகளையும் சேர்த்துக் கொட்டச் சொல்கிறது விதி. எல்லா ரீடர்களும் அவ்வளவு கடுமையாக நடப்பதில்லை, சில தட்டுத்தடுமாறிப் படித்துக்கொள்ளும். அதனால் பிழை இருப்பது எழுதுகிறவருக்குத் தெரியாமலே போகும். எனக்கு நான்கு நாள் தெரியவில்லை.

சரி, போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு வருகிறேன். இதில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஃபீட் கோப்பின் அளவு 80 கிலோபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் முழுக் கட்டுரைகளாக வைத்தால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும், ஏனென்றால் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறி, 15 பைட். (சில பழைய மென்பொருள்கள் ஒவ்வொரு குறியையும் எண்ணாக மாற்றி எழுதும். அப்போது 'த' மட்டும் த என்று ஏழு பைட் ஆகும், 'தமிழ்' 35. ஒரு காலத்தில் என் ஃபீடும் அப்படித்தான் வீங்கிக் கிடந்தது.) 80 கிலோபைட்டை ஒரு ரீடர் மணிக்கொருமுறை இறக்கினால் நாளைக்கு 24 முறை, கிட்டத்தட்ட 2 மெகாபைட். ஆயிரம் ரீடர்கள் என்றால் 2 ஜிகாபைட். பத்திரிகையோ மாதத்துக்கு நான்கு இடுகைதான் போடும். அதாவது இந்தப் போக்குவரத்தில் முக்காலே மூணுவீசம் 'நேற்றுப் பார்த்ததேதான்' என்று தெரிந்துகொள்வதற்காக.

இதற்கு மருந்து ஆர்எஸ்எஸ்ஸில் இல்லை, அதற்கு அடியில் ஓடும், சர்வரிடம் கேட்டு வாங்கும் முறையான எச்டிடிபி-யில் இருக்கிறது. ரீடர் முதல் தடவை கேட்கும்போது சர்வர் கோப்பைக் கொடுத்துவிட்டு, கூடவே இரண்டு விஷயம் சொல்லி அனுப்பும். ஒன்று, இந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்ற நேரம். இன்னொன்று ஈடேக் என்ற முத்திரை, அந்தக் கோப்பின் அந்த நிலைக்கு மட்டுமே உரிய ஒரு குறி. ரீடர் இரண்டையும் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை போகும்போது, "போன தடவை நீ கொடுத்த முத்திரை இது, இதற்கப்புறம் மாறியிருந்தால் மட்டும் கொடு" என்று கேட்கும். மாறியிருந்தால் 200 என்ற எண்ணோடு முழுக் கோப்பும் வரும். மாறவில்லையென்றால் 304 என்று ஒற்றை எண், கூட நாலு வரித் தலைப்புத் தகவல். கோப்பு வராது. 80 கிலோபைட்டுக்குப் பதில் சில நூறு பைட்.

சைக்கிளை விட்டு இறங்காமல் மூலைத் தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய பையன் செய்ததும் இதுதான்.

ஒரு ரீடர் ஒழுங்கானதா என்று பார்க்க நான் முதலில் தேடுவது அது 304 வாங்கத் தெரிந்ததா என்பதைத்தான். பலவற்றுக்குத் தெரியாது. முத்திரையை வாங்கி அங்கேயே கீழே போட்டுவிட்டு ஐந்து நிமிடத்துக்கொருமுறை வந்து முழுக் கோப்பையும் இழுத்துக்கொண்டு போகும் ஜன்மங்கள் உண்டு. ஆர்எஸ்எஸ் 2.0இல் இதற்கென்றே சில நாகரிகமான வழிகள் இருக்கின்றன. 'இத்தனை நிமிடத்துக்கு மறுபடி வராதே' என்று கோப்பிலேயே எழுதலாம். 'இந்த மணிகளில் வர வேண்டாம்', 'இந்தக் கிழமைகளில் வர வேண்டாம்' என்றும் எழுதலாம், கடை வாசலில் 'ஞாயிறு விடுமுறை' என்று எழுதுவதுபோல. எழுதி வைத்துப் பார்த்தேன். மதிக்கிற ரீடரை அதிகம் காணவில்லை.

இப்படி வருவதும் போவதுமாக இல்லாமல் விஷயம் இருக்கும்போது மட்டும் கூப்பிட்டுச் சொல்ல முடியாதா என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே உண்டு. 2009இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், பிரெட் ஸ்லாட்கின் இருவரும் கூகுளில் இருந்தபோது கொண்டுவந்த முறை ஒன்று, பப்சப்ஹப்பப் என்று வாயில் நுழையாத பெயரோடு வந்தது. பிறகு வெப்சப் என்று பெயர் சுருங்கி 2018 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது. அதில் நடுவே ஒரு தரகர் உண்டு, ஹப் என்பார்கள். எழுதுகிறவர் தரகரிடம் "போர்டை மாற்றிவிட்டேன்" என்று ஒரு தட்டு தட்டுவார். தரகர் தன்னிடம் சொல்லிவைத்தவர்களுக்கெல்லாம் உடனே போய்ச் சொல்வார். யூடியூப் சேனல்களில் புது வீடியோ வந்ததை வேறு மென்பொருள்களுக்குச் சொல்ல இந்த வழி இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தரகர் வந்து கதவைத் தட்ட நமக்கு ஒரு நிலையான விலாசம் வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு அது கிடையாது. ஆகவே சர்வரும் சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வெப்சப், மற்றவர்களுக்குப் பழைய சைக்கிள் பையன். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

இதையெல்லாம் யார் தொடங்கினார்கள் என்று தேடிப் போனபோது எதிர்பாராத ஒருவர் கிடைத்தார். 1999 மார்ச்சில், உலாவி செய்துகொண்டிருந்த நெட்ஸ்கேப் நிறுவனம், பயனர்கள் தங்களுக்கு வேண்டிய செய்திப் பெட்டிகளைத் தாங்களே அடுக்கிக்கொள்ளும் 'மை நெட்ஸ்கேப்' என்ற வாசல் தளத்துக்காக முதல் ஆர்எஸ்எஸ்ஸை வெளியிட்டது. எண் 0.90. அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் ராமநாதன் குஹா. சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். நெட்ஸ்கேப்புக்கு முன்பு ஆப்பிளில், ஒரு தளத்தில் என்ன இருக்கிறது என்று இன்னொரு கணினிக்குப் புரியும்படி எழுதிவைக்கும் முறை ஒன்றில் வேலை செய்தவர். சென்னையில் ஆர்எஸ்எஸ் பற்றி நான் பேசிய கூட்டங்களில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அதே வருடம் ஜூலையில், அதே நெட்ஸ்கேப்பில் டான் லிபி அதை எளிமையாக்கி 0.91 ஆக்கினார். அதற்குள் நெட்ஸ்கேப்பை ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் வாங்கியிருந்தது. வாங்கியவர்களுக்கு இதில் ஆர்வம் இல்லை. தாய் கைவிட்ட பிள்ளையை வளர்க்க இரண்டு தரப்பு வந்தது. யூசர்லேண்ட் என்ற நிறுவனத்தின் டேவ் வைனர் ஒரு பக்கம்: எளிமையாக இருக்கட்டும், சாதாரண ஆள் கையாலேயே எழுதும்படி இருக்கட்டும் என்றவர். குஹாவின் பழைய எண்ணத்தை விடாமல், கணினிகள் பொருள் புரிந்துகொள்ளும்படியான ஆர்டிஎஃப் கட்டமைப்பு வேண்டும் என்றவர்கள் மறுபக்கம். 2000 டிசம்பரில் இரண்டாம் தரப்பு 1.0 என்று ஒன்றை வெளியிட்டது. அந்தக் குழுவில் பின்னாளில் இணையச் சுதந்திரத்துக்காகப் போராடியவராக அறியப்பட்ட ஆரன் ஸ்வார்ட்ஸும், 14 வயதில், இருந்தார். 2002 செப்டம்பரில் வைனர் 2.0 வெளியிட்டார். எண்ணைப் பார்த்தால் 1.0இன் அடுத்த பதிப்பு 2.0 என்றுதான் எவரும் நினைப்பார்கள். இரண்டுக்கும் பங்காளி உறவுதான், தகப்பன் பிள்ளை உறவு இல்லை. ஆர்எஸ்எஸ் என்ற மூன்றெழுத்துக்கு விரிவுகூட ஆளுக்கொன்று. முதலில் 'ஆர்டிஎஃப் சைட் சம்மரி', அப்புறம் 'ரிச் சைட் சம்மரி', கடைசியில் வைனர் வைத்த 'ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்'. 2004இல் மார்க் பில்கிரிம் என்ற நிரலாளர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கொன்று ஒத்துவராத ஒன்பது ஆர்எஸ்எஸ்கள் இருப்பதாக எழுதினார்.

சண்டை வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு கூட்டம் 2003இல் புதிதாகத் தொடங்கியதுதான் ஆட்டம். 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி 4287 என்று முறையான தரமாக வந்தது. ஆர்எஸ்எஸ்ஸில் தெளிவில்லாமல் இருந்ததையெல்லாம் ஆட்டம் ஒழுங்கு செய்தது. ஒவ்வொரு இடுகைக்கும் அடையாளம் கட்டாயம், மாறிய நேரம் கட்டாயம், உள்ளே இருப்பது வெறும் எழுத்தா எச்டிஎம்எல்லா என்று தெளிவாகச் சொல்ல வழி உண்டு, சொல்லாவிட்டால் வெறும் எழுத்து என்றே பொருள். பொறியாளன் கண்ணுக்கு ஆட்டம்தான் அழகு. ஆனாலும் நீங்கள் இன்று ஒரு தளத்துக்குப் போய் ஃபீடைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது ஆர்எஸ்எஸ் 2.0தான். எல்லா ரீடரும் எல்லாவற்றையும் படித்துவிடுகின்றன என்பதால் படிக்கிறவருக்கு இந்தச் சண்டை தெரியாமலே போயிற்று. பங்காளிச் சண்டையில் ஊர் கெடாமல் போனது அபூர்வம்.

தமிழில் இதன் பலனை முழுதாக அனுபவித்தது எங்கள் தலைமுறைதான். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் ஒரு திரட்டி. 'அக்ரிகேட்டர்' என்பதற்குத் 'திரட்டி' என்ற நல்ல சொல் புழக்கத்துக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். கோவையில் ஒருவர், டொரன்டோவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர் எழுதியதெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். யாரும் யாருக்கும் கட்டுரையை அனுப்பவில்லை. அவரவர் தளத்தில் அவரவர் ஓடை இருந்தது, திரட்டி போய் மொண்டுகொண்டு வந்தது. இடுகையைப் போட்ட கையோடு திரட்டிக்குப் போய் "எழுதிவிட்டேன், வந்து பார்" என்று தட்டிவிட்டு, நம் பெயர் முகப்பில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. காலையில் ஆபீசில் கொட்டாவி வரும். ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்திருக்கவே முடியாது. எல்லோரும் ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, வந்ததும், எல்லோர் தளத்திலும் ஃபீட் தானாக இருந்ததும் ஒரே சமயத்தில் அமைந்தது.

அந்த வருடங்களில்தான் கூகுள் ரீடர். எனக்கு அதில் 212 ஓடைகள் இருந்தன. 2013 மார்ச்சில் கூகுள் அதை மூடப்போவதாக அறிவித்தது, ஜூலை 1இல் மூடியது. நண்பர்கள் பலர் அன்றோடு ஃபீட் செத்துவிட்டது என்றார்கள். இன்றும் சொல்கிறார்கள். நானும் ஒரு வாரம் துக்கம் அனுசரித்தேன். அப்புறம் ஓபிஎம்எல் என்ற கோப்பை இறக்கிக்கொண்டேன். அது 212 தளங்களின் பெயரும் ஓடை முகவரியும் அடங்கிய ஒரு பட்டியல், வேறு ஒன்றும் இல்லை. அதை இன்னொரு ரீடரில் ஏற்றினேன். பத்து நிமிடத்தில் 212ம் வந்துவிட்டன. ஒரு தளத்துக்காரரிடமும் நான் சொல்லவில்லை, எவருக்கும் நான் வீடு மாறியது தெரியவும் தெரியாது. நின்றுபோனது நான் அனுப்பிய பையனின் சைக்கிள் மட்டும். கடையும் போர்டும் அங்கேயேதான் இருந்தன. வேறு சைக்கிள் வாங்கினேன்.

ஃபேஸ்புக்கில் நான் பின்தொடர்ந்தவர்களை இப்படிக் கட்டித் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போக முடிந்ததில்லை.

ஃபீட் மறைந்தது என்னவோ உண்மைதான், சாகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆரஞ்சு நிறச் சின்னம் நினைவிருக்கிறதா? ஒரு புள்ளி, அதைச் சுற்றி இரண்டு வளைவு. ஃபயர்ஃபாக்ஸுக்காக வரைந்தது, 2005 டிசம்பரில் மைக்ரோசாஃப்டும் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அதையே எடுத்துக்கொண்டது. ஒரு பக்கத்தைத் திறந்தால் முகவரிப் பட்டையில் அது எரியும். 2018 கடைசியில் ஃபயர்ஃபாக்ஸே ஃபீட் வசதியை எடுத்துவிட்டது. ஆனால் பக்கத்தின் தலைப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 'என் ஃபீட் இங்கே இருக்கிறது' என்ற ஒரு வரி பெரும்பாலான தளங்களில் இன்றும் இருக்கிறது. தளத்தின் முகவரியை மட்டும் ரீடரில் ஒட்டுங்கள், அதுவே அந்த வரியைக் கண்டுபிடித்துவிடும்.

ஃபீட் செத்துவிட்டது என்று சொன்ன நண்பர்களில் ஒருவர் தினமும் நடைப்பயிற்சியில் பாட்காஸ்ட் கேட்கிறார். பாட்காஸ்ட் என்பதே ஆர்எஸ்எஸ்தான். 2000 டிசம்பரில் வைனர் வெளியிட்ட 0.92இல் 'என்குளோஷர்' என்று ஒரு சின்ன உறுப்பைச் சேர்த்தார்: இடுகையோடு ஓர் ஒலிக்கோப்பின் முகவரி, அதன் அளவு, அதன் வகை. கடிதத்தோடு ஒரு கேசட்டை ஊக்கால் குத்தி வைத்ததுபோல. அது நாலு வருடம் சும்மா கிடந்தது என்றுகூடச் சொல்லலாம். 2004இல் பாட்காஸ்ட் என்ற சொல் பிறந்தது, 2005 ஜூனில் ஆப்பிள் ஐடியூன்ஸில் சேர்த்தது, அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். இன்றும் ஒரு பாட்காஸ்டை எந்த ஆப்பில் வேண்டுமானாலும் கேட்க முடிகிறதென்றால் காரணம், நடுவில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் கோப்பு. நண்பரிடம் இதைச் சொன்னேன். "அது ஆப்பில் வருது" என்றார்.

என் பட்டியலில் இன்று 140 சொச்சம் இருக்கிறது. எழுத்தாளர்கள் மட்டும் இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்க ஓடை உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையின் வரலாற்றுப் பக்கமும் உண்டு. விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றையும் ஆட்டம் ஓடையாகப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் ஊர்க் குளத்தின் பரப்பளவை யாரோ ஆறு மாதத்துக்கொருமுறை கூட்டிக்கொண்டே போகிறார். நான் குறைத்துக்கொண்டு வருகிறேன்.

எழுதுகிறவருக்கு இந்த முறையில் ஒரு வருத்தம் உண்டு. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியாது. போர்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. 2004இல் வந்த ஃபீட்பர்னர் இந்தக் குறையை வைத்துத்தான் பிழைத்தது, ஃபீடைத் தன் வழியாகத் திருப்பி ஒரு எண்ணிக்கை காட்டும். தளங்களின் ஓரத்தில் அந்த எண்ணைப் பெருமையாக ஒட்டிவைப்போம். எனக்கு 61 வரை போனது. அது இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி இருக்கிறது. சர்வரிடம் எதைக் கேட்டாலும் கேட்கிறவர் தன் பெயரை ஒரு வரியில் சொல்லிக்கொள்வது வழக்கம், அது சர்வரின் பதிவேட்டில் ஏறும். ஃபீட்லி மாதிரியான பெரிய ரீடர்கள் பல பேருக்காக ஒரே தடவை வருவதால், அந்த வரியிலேயே 'இத்தனை சந்தாதாரர்கள் சார்பாக' என்று எண்ணைப் போட்டு வருகின்றன. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுதுகிறவன் மனம் அறிந்த யாரோ செய்த உபகாரம்.

என்னுடைய இந்தத் தளத்தில் நான் கடைசியாக எழுதிப் பதினோரு மாதம் ஆகிறது. போன வாரம் வேறு ஏதோ காரணத்துக்காகப் பதிவேட்டைத் திறந்தேன். ஃபீட் முகவரிக்கு நேராக 304, 304, 304 என்று பக்கம் பக்கமாக ஓடியது. பெரிய ரீடர் ஒன்று 23 பேர் சார்பாக வருகிறது. அதைத் தவிர ஒன்று தனியாக வருகிறது. பெயர் கேள்விப்பட்டதில்லை, யாரோ தானே எழுதிக்கொண்ட நிரலாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாள் தவறாமல், முத்திரையைச் சரியாகக் காட்டிக் கேட்கிறது. பதிவேட்டில் இருக்கும் எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அதற்குக் கோப்பு போகவில்லை. இன்று ராத்திரி இதை ஏற்றியதும் முதல் தடவையாக 200 போகும்.